மஷாகாவின் மணிக்கட்டு

விசிலை வாயில் வைப்பதற்கு முன் மஷாகா தன் கைக்கடிகாரத்தின் கண்ணாடியைக் கால்சட்டையில் மூன்று முறை தேய்ப்பார். காதில் வைத்துக் கேட்பார். பிறகு கையை உயர்த்தி இந்தப் பக்கத்துக் கூட்டத்துக்கு ஒரு தடவை, அந்தப் பக்கத்துக் கூட்டத்துக்கு ஒரு தடவை காட்டுவார். சின்ன முள் நான்கில் நிற்கும். "பாத்துக்கோங்க, மணி பத்து!" என்பார். யாரும் சிரிப்பதில்லை. எங்கள் டாங்கா ஊரில் பொழுது விடிந்த பிறகுதான் மணியை எண்ணத் தொடங்குவோம். காலை ஏழு எங்களுக்கு ஒன்று. முள்ளின் வால் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்தால் கணக்கு சரியாக வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவர் ரெஃப்ரி. மற்ற நாட்களில் சைக்கிளில் இளநீர் விற்கிறார். பந்துக்குப் பின்னால் அவர் ஓடும்போது தொந்தி அவருக்கு முன்னால் ஓடும். கடலோர மைதானத்தில் பதினோரு வருடமாக அவர்தான் ஊதுகிறார். அதற்காக யாரும் அவருக்கு ஒரு ஷில்லிங் கொடுத்ததில்லை. வசவு மட்டும் வாராவாரம் தவறாமல் கிடைக்கும்.

எங்கள் பேச்சில் கடிகாரம் 'ஸா'. மணியும் ஸா, நேரமும் ஸா. மஷாகாவின் பிழைப்பு முழுக்க இந்த ஒரு சொல்லை வைத்தே ஓடுகிறது. இளநீரைக் கையில் பிடித்தபடி கதை பேசுகிறவரைப் பார்த்து, "குடி ஸா, அடுத்த ஆளு நிக்குதுல்ல!" என்பார். அங்கே அது வெறும் அதட்டல். இருட்டியபின் வீட்டுக்குப் போனால் மனைவி ஸுஹுரா வாசலில் இடுப்பில் கைவைத்து நின்று, "வர்ற ஸாவா இது?" என்பாள். ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஜெயிக்கிற கூட்டம் மணிக்கட்டைத் தட்டி "ஸா! ஸா!" என்று கத்தும். சீக்கிரம் முடித்துத் தொலை என்று அர்த்தம். தோற்கிற கூட்டமும் மணிக்கட்டைத் தட்டி அதையேதான் கத்தும். இன்னும் நேரம் இருக்கிறது, அவசரப்படாதே என்று அர்த்தம்.

"அது என் கையில இருக்கு, உங்க வாயில இல்ல" என்று இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதில் சொல்வார்.

கண் தெரியாதவன் என்று திட்டினாலும் கோபம் வராது. "என்னைக் குருடன்னு சொல்லு, குண்டன்னு சொல்லு. ஸாவைத் திருடுனான்னு மட்டும் சொல்லிப்புடாத." அந்தக் கடிகாரம் பழைய துணிச் சந்தையில் வாங்கியது. குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். "இளநீ வெட்டுறப்பவாவது கழட்டி வைங்களேன், உள்ள தண்ணி போயிரும்" என்று ஸுஹுரா சொல்லாத நாளில்லை. "கழட்டுனா எவன் என்னை ரெஃப்ரின்னு மதிப்பான்?" என்பார்.

போன மாதம் ஆட்டுக் கோப்பையின் இறுதிப் போட்டி. கோப்பை கிடையாது, ஆடு மட்டும் உண்டு. கோல் கம்பத்துக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். உப்பளம் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. பின்தங்கியிருந்த துறைமுகத் தெரு அணியின் முன்வரிசையில் ஸுஹுராவின் தம்பி செஃபு. இடைவேளையில் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, இரண்டு அணிகளும் சேர்ந்து துரத்திப் பிடித்துக் கொண்டுவந்தன. அந்தக் கூத்தில் இரண்டாம் பாதி எப்போது தொடங்கியது என்று மஷாகாவைத் தவிர ஒருவரும் மணி பார்க்கவில்லை.

"ஸா! ஸா!" என்று இரண்டு பக்கமும் கத்தத் தொடங்கியது. மஷாகா மணிக்கட்டைப் பார்த்தார். காதில் வைத்தார். உதறினார். மறுபடியும் காதில் வைத்தார். பிறகு விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கடிகாரத்தைக் கழற்றி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். கண்ணாடிக்குள் இளநீர் முத்து முத்தாக நின்றது.

"செத்துப்போச்சு" என்றார்.

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சீக்கிரம் முடித்தால் உப்பளத்துக்கு ஆட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்பார்கள். நீட்டினால் மச்சானுக்காக நீட்டினான் என்பார்கள். பதினோரு வருடப் பெயர் அன்றோடு போய்விடும்.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு!" என்றான் செஃபு.

"ரெண்டுதான்!" என்று உப்பளத்துக்காரர்கள் எகிறினார்கள். யாரோ ஃபோனை நீட்டினார்கள்.

உப்பளம் கேப்டன் ஜோங்கோ அதைத் தட்டிவிட்டான். "ஃபோனை எடுத்தா, தொடங்குனது எப்பன்னு ஆளுக்கொரு மணி சொல்லுவானுங்க. அண்ணே, உங்க மனசுக்கு எவ்வளவு படுது?"

மஷாகா கண்ணை மூடிக்கொண்டார். "ஒம்பது நிமிஷம்."

"சரி. நீங்களே பாத்து ஊதுங்க."

ஜெயித்துக்கொண்டிருந்தவன் சொன்ன வார்த்தை அது. ஜோங்கோவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

கடிகாரம் பைக்குள் போனது. ஆட்டம் தொடர்ந்தது. மஷாகா உதட்டுக்குள் எதையோ எண்ணிக்கொண்டே ஓடினார். கடைசியில் செஃபுவின் காலுக்குப் பந்து வந்தது. கோல்கீப்பர் வழுக்கி விழுந்துகிடந்தான். எதிரே ஆளே இல்லை. ஸுஹுரா பெஞ்சின் மேல் ஏறி, "ஊதாதீங்க! ஊதாதீங்க!" என்று அலறினாள். மஷாகா ஓடியபடியே கையை உயர்த்தி, வெறும் மணிக்கட்டை உற்றுப் பார்த்தார்.

நீளமாக ஊதினார். அதற்குப் பிறகுதான் செஃபு உதைத்தான். பந்து வலைக்குள் போய் விழுந்தது.

"வீட்டுக்கு வாங்க, ஸான்னா என்னன்னு நான் காட்டுறேன்!" என்றாள் ஸுஹுரா.

மஷாகா மூச்சு வாங்க மைதானத்தின் நடுவில் நின்றார். வெறும் மணிக்கட்டைக் கால்சட்டையில் மூன்று முறை தேய்த்தார். வெயில் படாமல் கடிகாரத்தின் அளவுக்கு வெளுத்திருந்த அந்த வட்டத்தை, இந்தப் பக்கத்துக்கு ஒரு தடவை, அந்தப் பக்கத்துக்கு ஒரு தடவை காட்டினார்.