கடைசி எழுத்தை வெட்டியவன்

பெர்னார்டுக்கு உலகத்தில் மூன்று வகை மனிதர்களைப் பிடிக்காது. கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள், கப்பலில் ஏறுகிறவர்கள், இரண்டும் செய்யாமல் கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள். பினாங்குத் துறைமுகத்தில் பன்னிரண்டு வருஷமாகக் கைடு வேலை பார்க்கும் ஒருவனுக்கு இவர்களை விட்டால் வேறு மனிதர்கள் கண்ணில் பட வழியில்லை. ஆகவே அவனுக்கு யாரையுமே பிடிக்காது என்று சொல்லிவிடலாம்.

ஆள் பார்வைக்கு லட்சணமாகத்தான் இருப்பான். கஞ்சி போட்ட வெள்ளைச் சராய், வாரிவிட்ட தலை, சட்டையில் கைடு லைசென்ஸின் பித்தளை வில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் முழங்கால் போடுவான். அங்கேயும் சாமியாரின் பிரசங்கத்தில் இரண்டு பிழையாவது கண்டுபிடிக்காமல் வீடு திரும்ப மாட்டான். மனைவி ஜூலியானா அதைக் கேட்டு மார்பில் சிலுவை போட்டுக்கொள்வாள்.

காலையில் வரும் கப்பல் மாலையில் போய்விடும். அந்த ஒரு பகலுக்குள் துரைமாருக்கும் துரைசானிமாருக்கும் இந்த நாட்டின் பழமை முழுவதையும் காட்டி முடிக்க வேண்டும். பெர்னார்ட் அவர்களைப் பெரிப் படகில் ஏற்றி அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறக்குவான். அங்கே இப்ராஹிம் தன் மோட்டாரோடு காத்திருப்பான். புக்கிட் மெர்தாஜாம் தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பின்புறம் போனால் இடிந்த கோயில், எழுத்துப்பாறை, அருவி என்று மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். இடிந்த கோயில் என்றால் முழங்கால் உயரத்துக்கு ஒரு செங்கல் மேடு, அவ்வளவுதான். அருவியும் மழைக்காலத்தில் மட்டுமே அந்தப் பெயருக்குத் தகுந்தபடி நடந்துகொள்ளும். மிஞ்சியது பாறைதான்.

அந்தப் பாறையில் இரண்டு வரி எழுத்து இருந்தது. யார் வெட்டினார்கள், என்ன பாஷை, ஒன்றும் பெர்னார்டுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதும் இல்லை. வெயில் ஏறினால் எழுத்துக் கண்ணில் படாது. அதனால் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்து ஒரு சிகரெட் டப்பாவில் கொண்டுபோவான். குச்சியால் தொட்டு ஒவ்வொரு எழுத்தின் குழியிலும் நிரப்புவான். பாறையில் எழுத்து பளிச்சென்று எழும்பும். துரைசானிகள் "ஓ!" என்பார்கள். அந்த "ஓ!"வைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வரும்.

பிறகு அளந்து விட ஆரம்பிப்பான். கல்யாணமான கையோடு வந்த ஜோடி என்றால், அது ஒரு ராஜகுமாரி தன் காதலனுக்கு எழுதியது. பட்டாளத்துக்காரர்கள் என்றால், யுத்தத்தில் ஜெயித்த ராஜாவின் கொக்கரிப்பு. பாதிரிமார் வந்தால், பொய் சொல்கிறவன் தலையில் இடி விழும் என்கிற சாபம். இந்தக் கடைசிக் கதையைச் சொல்லும்போது மட்டும் இப்ராஹிம் எழுந்து மோட்டாருக்குப் பின்னால் போய்விடுவான்.

"எண்ணே, இப்படிக் கயிறு திரிக்கிறீங்களே, ஒருத்தன் படிக்கத் தெரிஞ்சவன் வந்துட்டா என்னா செய்வீங்க?" என்று ஒருநாள் கேட்டான்.

"படிக்கத் தெரிஞ்சவன் எதுக்குலா கப்பல் ஏறி இங்க வரான்? வூட்ல குந்திப் படிச்சிக்கிட்டு இருப்பான். இதுங்களுக்கு எதைக் காட்டினாலும் வாயைப் பொளக்கும்" என்றான் பெர்னார்ட்.

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவன் அதைச் சோதித்தே பார்த்திருந்தான். கம்பளி வியாபாரி ஒருவன், வயிறு பெருத்த ஆள், பாறையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? இதற்கா இத்தனை மைல் வந்தேன்?" என்று முகம் சுளித்தான். கூட்டம் அருவியில் குளிக்கப் போனதும் பெர்னார்ட் மோட்டாரிலிருந்து உளியும் சுத்தியும் எடுத்து வந்தான். இரண்டாவது வரியின் முடிவில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. மூன்றாவது எழுத்தைப் பார்த்து, இரண்டு காலும் ஒரு சுழியுமாகத் தானும் ஒன்றை வெட்டினான். அரைமணி நேரம் ஆயிற்று. வேர்த்துக் கொட்டியது. "பாவம்ணே, வேணாம்ணே" என்று இப்ராஹிம் கெஞ்சிக்கொண்டே நின்றான். சேற்றையும் பாசியையும் அப்பித் தேய்த்தபின் பழசும் புதுசும் ஒன்றாகிவிட்டன. குளித்துவிட்டு வந்த கம்பளி வியாபாரி, காலையில் கண்ணில் படாத எழுத்தைச் சுட்டிக்காட்டி, எல்லாவற்றிலும் இதுதான் அழகு என்று படம் பிடித்துக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து பெர்னார்டுக்கு மனிதர்கள்மேல் மிச்சம் மீதி இருந்த மரியாதையும் போயிற்று. ஆனால் அந்த எழுத்தின்மேல் மட்டும் ஒரு பிரியம் வந்துவிட்டது. சுண்ணாம்பு வைக்கும்போது மற்றவற்றுக்குக் குச்சி, அதற்கு மட்டும் இடது கை விரல். பழைய எழுத்தெல்லாம் மழையிலும் அவன் குச்சியின் சுரண்டலிலும் மங்கிக்கொண்டே வர, அவனுடையது ஆழமாக நின்றது. அது ராஜாவே தன் கையால் இட்ட முத்திரை என்று சொல்லத் தொடங்கினான். அப்படிச் சொல்லும்போது அவன் குரலே மாறிவிடும்.

இப்படி இருக்கையில்தான் அந்த வேலை வந்தது. கப்பல் பிரயாணிகளுக்கு ஏற்பாடு செய்யும் ஒரு வெள்ளைக்கார ஏஜென்சி, இனிமேல் துறைமுகத்தில் கண்டவனும் சட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது, நிரந்தரமாக ஒரே கைடு போதும் என்று முடிவு கட்டியது. மாதச் சம்பளம், பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டு, அச்சடித்த நோட்டீஸில் பெயர். பெர்னார்டுக்குச் சம்பளத்தைவிடக் கோட்டின்மேல்தான் கண். ஜூலியானாவின் அண்ணன் லாரன்ஸ் ஓர் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கோழிக்கறியைப் போட்டுக்கொண்டே, "இந்த வருஷம் எத்தனை கப்பல் புடிச்சீங்க மச்சான்?" என்று கேட்பான். கப்பலை என்னமோ மீன் மாதிரி அவன் சொல்வதும், ஜூலியானா தட்டைப் பார்த்துத் தலை குனிவதும் பெர்னார்டுக்குத் தொண்டையில் முள். அந்த முள்ளை எடுக்கக் கோட்டு வேண்டும்.

ஏஜென்சி துரை ஒரு நிபந்தனை போட்டான். தானே ஒருநாள் கூட வந்து பார்ப்பான். நோட்டீஸில் போடுவதற்குச் சரியான விவரம் எழுதித் தர, தைப்பிங்கிலிருந்து நாகநாதன் என்று ஒருவரும் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், சர்வே ஆபீஸில் தலைமைக் கிராணியாக இருந்து பென்ஷன் வாங்கியவர், பழைய கல்வெட்டுப் படிப்பதில் பைத்தியம்.

"யாழ்ப்பாணத்துக் கிராணி! நம்மளக் கண்டா கூலின்னு நெனைக்கிற கூட்டம்லா அது" என்று வீட்டில் பொரிந்தான் பெர்னார்ட். "அந்த ஆளுக்கு என்னா தெரியும்? பைல் கட்டத் தெரியும்."

"எதுக்கும் மரியாதையாப் பேசுங்க. கோட்டு வந்துடட்டும்" என்றாள் ஜூலியானா.

நாகநாதன் ஒல்லியாக, குடையும் கையுமாக வந்தார். பெரியில் கடலைப் பார்க்கவில்லை, மோட்டாரில் வழியைப் பார்க்கவில்லை. பெர்னார்டை ஒரே ஒரு தரம் பார்த்து, "நீர்தானோ கைடு?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெர்னார்ட் தன் வாழ்நாளில் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறான். தன்னை யாரும் அப்படிப் பார்த்து அவனுக்குப் பழக்கமில்லை.

பாறைக்கு வந்ததும் வழக்கப்படி டப்பாவைத் திறந்தான்.

"உந்தச் சுண்ணாம்பை அங்கால வையும். பாறையைப் பழுதாக்கினது காணாதோ?" என்றார் நாகநாதன். குடையை இப்ராஹிமிடம் நீட்டிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டார். ஒரு மணி நேரம் விரல் நுனியால் தடவினார், நோட்டில் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். ஏஜென்சி துரை இரண்டு சுருட்டு முடித்தான். பெர்னார்டின் கண் கடைசி எழுத்தை விட்டு நகரவில்லை. கண்டுபிடித்துவிட்டால் கோட்டு போச்சு, வேலை போச்சு, வில்லையும் பறிபோகும். லாரன்ஸ் ஆயுசுக்கும் சிரிப்பான். இப்ராஹிம் பக்கம் திரும்பினான். அவன் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் நாகநாதன் நிமிர்ந்தார். துரைக்கு இங்கிலீஷில் சொன்னார். அது ஒரு கப்பல்காரனின் வேண்டுதல், போன சரக்கும் போன ஆட்களும் சேதமில்லாமல் திரும்ப வேண்டும் என்பது, அவ்வளவே. ராஜாவும் இல்லை, ராஜகுமாரியும் இல்லை. துரை கொட்டாவி விட்டான்.

"ஆனால் இந்தக் கடைசி எழுத்து இருக்கிறதே, இது எழுத்தே இல்லை" என்றார் நாகநாதன்.

பெர்னார்ட் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து மூடி இடது கையில் பிடித்துக்கொண்டான்.

"இது பிற்பாடு வெட்டியது. எப்போது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வெட்டியவன் எப்பேர்ப்பட்டவன் என்று சொல்லிவிடுவேன்" என்றார். துரைக்குத் தூக்கம் கலைந்தது. நாகநாதன் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். மற்ற எழுத்தை வெட்டியவனுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று தெரியும். இவன் கீழே தொடங்கி, நடுவில் முழித்து, மேலே போய் மறுபடி தொடங்கியிருக்கிறான். மூன்றாவது எழுத்தைப் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறான், அதையும் இடம் வலமாகப் புரட்டி. இடது கைக்காரனாக இருக்க வேண்டும். ஒரு அட்சரம் படிக்கத் தெரியாதவன். அது தெரியாததைப் பற்றி வெட்கமும் இல்லாதவன். வேலை வெட்டி கிடையாது. தானும் பெரிய ஆள் என்று காட்டிக்கொள்ள மட்டும் ஆசை.

பிறகு தமிழில், யாரையும் பார்க்காமல், பாறையைப் பார்த்தே சொன்னார்: "நல்லதொரு வேண்டுதல். அதிலை வந்து ஒரு மடையன் காறித் துப்பிப்போட்டுப் போயிருக்கிறான்."

ஏஜென்சி துரை விழுந்து விழுந்து சிரித்தான். ராஜா கதை எவனுக்கு வேண்டும், இதுதான் கதை, இதையே நோட்டீஸில் போடுவோம் என்றான். பிறகு பெர்னார்டின் முதுகில் தட்டி, "நீ என்ன சொல்கிறாய்? அவன் எப்பேர்ப்பட்ட முட்டாள், இல்லையா?" என்று கேட்டான்.

பெர்னார்ட் தன் எழுத்தைப் பார்த்தான். அந்தச் சுழியை வளைக்க எத்தனை பாடு பட்டோம் என்று இவனுக்குத் தெரியுமா? இந்த யாழ்ப்பாணத்துக் கிழவனுக்குத் தெரியுமா? ஏழு வருஷமாக எத்தனை கப்பல் ஜனம் அதைப் பார்த்து வாயைப் பிளந்தது! "வெட்டினவன் நான்தான்டா" என்று கத்த வேண்டும்போல் நாக்குத் துடித்தது. கூடவே நீலக் கோட்டும் கண்ணில் ஆடியது. சுண்ணாம்பு டப்பாவை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினான்.

"முட்டாளேதான் சார்" என்று சொல்லி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

வேலை கிடைத்தது. கோட்டு வந்தது. கிறிஸ்துமஸுக்கு அதைப் போட்டுக்கொண்டே கோழிக்கறி சாப்பிட்டான். லாரன்ஸ் கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. பித்தளைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்து, "அசல் பித்தளைதான்" என்றான். பெர்னார்ட் அவனையும் மன்னித்துவிட்டான்.

தை மாதத்தில் ஒரு கப்பல் நாளன்று மோட்டாரில் ஒரு இடம் காலியாக இருந்தது. ஜூலியானா வந்தாள். பன்னிரண்டு வருஷமாகக் கணவன் எங்கே போகிறான், என்ன காட்டுகிறான் என்று அவள் பார்த்ததில்லை. நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்து, வெள்ளைக்காரக் கூட்டத்துக்குப் பின்னால் வெட்கத்தோடு வந்து நின்றாள். கூட்டம் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு, கப்பல்காரனின் வேண்டுதலைத் திரும்பியும் பார்க்காமல், நேராகக் கடைசி எழுத்துக்கு ஓடியது. இப்போதெல்லாம் எல்லோரும் அப்படித்தான். சிலர் அதன் பக்கத்தில் நின்று, முட்டாள்போல் முழித்துப் படம் பிடித்துக்கொள்வார்கள்.

ஜூலியானா மெல்ல முன்னால் வந்து அந்தச் சுழியை விரலால் தொட்டாள்.

"ஏங்க, இதுதாங்க எல்லாத்துலயும் அழகா இருக்கு" என்றாள். "பாடுபட்டுத்தான் வெட்டியிருக்கான். யாருங்க அது?"

பெர்னார்ட் அவளைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அதைக் கண்டு பாடு என்ற சொல்லைச் சொன்னது இவள் ஒருத்திதான். வாய் திறந்தது. ஆனால் இருபது ஜோடிக் கண்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஏஜென்சியின் ஆள் ஒருவனும் கூட்டத்தில் நின்றான். பெர்னார்ட் நோட்டீஸில் உள்ளதை முதலில் இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்தான். கூட்டம் சிரித்தது. பிறகு, அவள் கேட்டதால், தமிழிலும் சொன்னான்.

"ஒரு எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாதவன். வேலை வெட்டி இல்லாதவன். வெக்கம் கெட்டவன். பெரிய ஆளுன்னு காட்டிக்கப் பார்த்திருக்கான்."

"அட கூமுட்டை!" என்று ஜூலியானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

மோட்டாருக்குப் பக்கத்தில் நின்ற இப்ராஹிம் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு துரைசானி படம் சரியாக விழாது என்று குறைபட்டாள். பெர்னார்ட் கோட்டுக் கையை மடித்துவிட்டு, டப்பாவைத் திறந்து, வலது கை விரலால் தன் எழுத்துக்குச் சுண்ணாம்பு வைத்தான்.