குட்டி வேண்டாமென்று லீடாவைக் கொண்டுவந்த நேவியோ

நேவியோ சிரோதிச்சின் நாய் பீபா, போன பிப்ரவரியில் காட்டில் எவனோ போட்ட நஞ்சுக் கறியைத் தின்று செத்தது. எங்கள் இஸ்திரியா வட்டாரத்தில் ட்ரஃபிள் தேடுகிறவனுக்கு நாய்தான் எல்லாம். மண்ணுக்கடியில் ஒளிந்து கிடக்கும், பொன் விலைக்குப் போகும் அந்தக் காளானை மனிதன் மோப்பம் பிடித்ததாகச் சரித்திரமில்லை. அடுத்தவன் நாய் செத்தால் அவன் தேடும் இடமும் தனக்கே என்று நினைக்கிற சில பிறவிகள் இங்கே உண்டு. நாசமாய்ப் போகட்டும் அவர்கள்.

இலையுதிர் காலத்தில் வெள்ளை ட்ரஃபிள் பருவம். அதற்குள் இன்னொரு நாய் வேண்டும். முப்பது வருஷம் பேருந்து ஓட்டி ஓய்ந்த நேவியோவுக்கு அறுபத்தேழு வயது. முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நண்பன் கிளவுதியோவின் வீட்டில் எட்டு வாரக் குட்டிகள் இருந்தன. அவன் ஒன்றைத் தூக்கி நேவியோவின் மடியில் போட்டான்.

"இத எடுத்துக்கடா. தரையில கெடக்கிறத வாயால தொடக் கூடாதுன்னு இப்பவே பழக்கிரலாம்."

"இது வேலைக்கு வர ரெண்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள என் முட்டி ரிட்டயர் ஆயிரும்."

"அப்ப தெருநாய்க் காப்பகத்து நாயா? பொறுக்கித் தின்ன நாய்க்கு வாயடக்கம் எப்படிடா வரும்?"

அவன் சொன்னது சரிதான் என்று நேவியோவுக்கும் தெரியும். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் பூலா நகரக் காப்பகத்துக்குப் போனார். குப்பைமேட்டில் பிடித்த நாய் ஒன்று அங்கே இருந்தது. பழுப்புச் சுருள் முடி, எண்ணிவிடக்கூடிய விலா எலும்புகள், பெயர் லீடா. அவர் பையிலிருந்த ட்ரஃபிள் துண்டின் பக்கம் வைத்த மூக்கை அது எடுக்கவே இல்லை. மூக்கைப் பார்த்துத்தான் எடுத்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னார். உண்மை வேறு. அவர் கிளம்பி நடந்தபோது அதுவும் கம்பிக்கு உள்ளே கூடவே கடைசிவரை நடந்து வந்தது. அதற்குமேல் அவரால் நடக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த லீடா கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கியது. வாய்க்கூடு போட்டால் நடுங்கிப் படுத்துவிடும். கடைசியில் நேவியோ ஒரு வழி கண்டுபிடித்தார். எதை எடுத்தாலும் விழுங்காமல் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தால் ஒரு துண்டு பாலாடைக்கட்டி.

"எடுக்கவே கூடாதுங்கிறதுதானேடா பாடம்? நீ எடுக்கப் பழக்குறியே!" என்றான் கிளவுதியோ.

"பட்டினி கெடந்தவளுக்கு எடுக்காதேன்னா புரியாது. முழுங்காதேன்னா புரியும்."

ஆறு வாரத்தில் புரிந்துவிட்டது. செருப்பு, எலும்பு, பாத்திரம் தேய்க்கும் பஞ்சு என்று ஒவ்வொன்றாக வந்து அவர் கையில் விழுந்தன. அவர் மனைவி லொரேத்தா வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"முப்பத்தெட்டு வருஷமா அழுக்குத் துணியக் கூடையில போடுன்னு உன்கிட்ட கத்துறேன், மனுஷா. இவளப் பாரு, ஆறே வாரம்!"

அக்டோபரில் லீடா முஷ்டியளவு ட்ரஃபிள் ஒன்றைத் தோண்டி, பல் படாமல் கொண்டுவந்து கொடுத்தது. அன்று மதுக்கடையில் நேவியோவின் பேச்சை நிறுத்த ஆளில்லை. பேரன் பரீட்சையில் தேறியதற்குக்கூட அவர் அவ்வளவு பீற்றிக்கொண்டதில்லை.

நவம்பர் இரண்டாம் வாரம். மிர்னா ஆற்றோரக் காட்டில் பனி விலகிக்கொண்டிருந்த காலை வேளை. ஐம்பதடி தூரத்திலிருந்து லீடா காது பறக்க ஓடி வந்தது. ட்ரஃபிள் என்று நினைத்து நேவியோ சிரித்தபடி கையை நீட்டினார். உள்ளங்கையில் விழுந்தது ஒரு தொத்திறைச்சித் துண்டு. தோலைக் கீறி உள்ளே திணித்திருந்த நீல நஞ்சுப் பொடி எச்சிலில் நனைந்து கசிந்திருந்தது. அதில் ஒரு பல்தடம்கூட இல்லை. லீடா வாலை ஆட்டிக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது.

அவர் அதன் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். சட்டையைக் கழற்றி நாக்கைத் துடைத்தார். தூக்கிக்கொண்டு காருக்கு ஓடும்போது இரண்டு முறை விழுந்தார். பாலத்துக்கு முன்பே அதன் உடம்பு உதற ஆரம்பித்துவிட்டது. ஊசியை எடுத்த கால்நடை மருத்துவர், லீடாவின் மூச்சு நின்றிருப்பதைப் பார்த்து ஊசியை மறுபடி தட்டிலேயே வைத்துவிட்டார்.

சாயங்காலம் கிளவுதியோ வந்தான். நான் அன்றைக்கே சொன்னேன் என்று அவன் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான், அவ்வளவுதான். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தாள் லொரேத்தா.

"குப்பைமேட்டுல பொறந்து வளந்த ஜீவன். பசி எங்க விடும்? தின்னுட்டா, பாவம்."

நேவியோ நிமிர்ந்தார்.

"தின்னல. யாரும் அவ தின்னுட்டான்னு சொல்லாதீங்க. அவ எங்கிட்ட கொண்டு வந்து குடுத்தா. நான் சொல்லிக் குடுத்தத அப்படியே செஞ்சா."