படகில் எழுந்து நின்றவர்

என் அக்காவின் கணவர் காவல்துறையில் சார்பு ஆய்வாளர். மேலதிகாரி கைபேசியில் அழைத்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். சாப்பாட்டின் நடுவே என்றால் சோற்றுக் கையைத் தனியே தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுவார். கைலியை மடித்துக் கட்டியிருந்தால் இறக்கிவிடுவார்.

“உக்காந்து பேசுனா அவருக்கு அங்கன தெரியவா போவுது?” என்று அக்கா கேட்பாள்.

“எனக்குத் தெரியும்லா” என்பார் அத்தான்.

அந்த அதிகாரிக்கென்று தனி ரிங்டோன் வைத்திருக்கிறார். அது ஒலித்தால் வீட்டு நாயும் எழுந்து நிற்கும் என்பது அக்காவின் கூற்று. நான் கவனித்தவரை நாய் அசைவதில்லை.

ஆனி மாதம் அத்தானின் மகளுக்கு வாசுதேவநல்லூரில் ஓர் இடம் பேசி, ஏறக்குறைய முடியும் நிலையில் இருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. பையனும் பெண்ணும் பேசிப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பையனின் அப்பா மட்டும் சரி என்று ஒரு சொல் சொல்லவில்லை. எலுமிச்சையும் நெல்லும் போடுகிற விவசாயி. கேட்டால் தலையை ஆட்டுவார். அது எந்தப் பக்கம் ஆடியது என்று அத்தானும் அக்காவும் இரவெல்லாம் விவாதிப்பார்கள். அவர் சொல்லுக்காக மண்டபம்கூடப் பார்க்காமல் காத்திருந்தார் அத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெரியவர் குற்றாலத்தில் குளிக்க வந்தார். அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை. தோளில் காய்ந்த துண்டோடு மேலகரத்தில் இருந்த அத்தான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அத்தானுக்குக் கையும் காலும் ஓடவில்லை.

“மதியச் சாப்பாட்டுக்கு ஐஸ் வச்ச மீனெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. நானே பிடிச்சித் தாரேன். நீங்களும் வாங்க.”

பெரியவர் தலையை ஆட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மூவரும் கிளம்பினோம்.

ஊருக்கு வெளியே ஒரு குளம். சிற்றாற்றுக் கால்வாய் வந்து அதில் விழுகிறது. மீன் குத்தகை எடுத்தவர் அத்தானுக்குப் பழக்கம். தன் சிறிய ஃபைபர் படகைத் தந்துவிட்டு, “கால்வாய் விழுத எடத்துக்கு மட்டும் போயிராதீய சார். இழுப்பு சாஸ்தி” என்றார்.

“வெள்ளத்துல ட்யூட்டி பாத்தவன்டே நானு” என்றார் அத்தான்.

அது உண்மைதான். அருவிக்கரையில் விசில் ஊதும் ட்யூட்டி.

புதுத்தண்ணீரை எதிர்த்து மீன் ஏறும் என்பதால் நேராகக் கால்வாய் விழும் இடத்துக்கே போனோம். பாதி முங்கிக் கிடந்த கருவேல மரத்தில் அத்தான் படகின் கயிற்றைக் கட்டினார். முன்னால் நான், நடுவில் பெரியவர், பின்னால் துடுப்போடு அத்தான். தண்ணீர் கலங்கலாக, படகின் பக்கவாட்டில் மோதித் திரும்பி ஓடியது. கையை விட்டுப் பார்த்தேன்; மலையிலிருந்து அப்போதுதான் இறங்கிய குளிர். பெரியவர் இரண்டு பக்க விளிம்பையும் பிடித்துக்கொண்டிருந்தார். தூண்டிலைக் கொடுத்ததும் ஒரு கையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே ஒரு கெண்டை மாட்டியது. முதல்முறையாகச் சிரித்தார். அத்தான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அப்போது அந்த ரிங்டோன் ஒலித்தது.

“அத்தான், வேண்டாம்” என்றேன்.

அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. கழுத்தில் பிளாஸ்டிக் உறையில் தொங்கிய கைபேசியை எடுத்தபடியே எழுந்துவிட்டார். எழுந்ததோடு நின்றிருந்தால்கூடத் தப்பியிருப்போம். “ஐயா, வணக்கம் ஐயா” என்று குதிகால் இரண்டையும் சேர்த்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த விளிம்பின் மேல் தண்ணீர் ஏறியது. அடுத்து நான் பார்த்தது படகின் அடிப்பாகத்தை.

கழுத்தளவு ஆழம்தான். ஆனால் காலை ஊன்றவிடவில்லை இழுப்பு. குளிரில் மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. நான் கருவேலங்கிளையைப் பிடித்துக்கொண்டேன். அதன் முள் என்னைப் பிடித்துக்கொண்டது. பெரியவர் ஒருமுறை முங்கி எழுந்து, “எனக்கு நீச்சல்...” என்றார். மீதியைத் தண்ணீர் வாங்கிக்கொண்டது. அத்தான் கைபேசியை விட்டுவிட்டு இரண்டே வீச்சில் அவரை எட்டினார். சட்டைக் காலரைப் பிடித்து, கைதியை இழுப்பது போலக் கரைக்கு இழுத்து வந்தார். பயிற்சி வீண்போகவில்லை.

பெரியவரின் வேட்டி குளத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. நீந்திப் போய் அதை மீட்டு வந்தது நான். இதை யாரும் சொல்வதில்லை என்பதால் இங்கே பதிவு செய்கிறேன். கெண்டை கிடைக்கவில்லை.

கரையில் பெரியவர், நான் அங்கே விட்டுப்போயிருந்த துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அத்தான் அவர் உள்ளங்காலைத் தேய்த்தபடி, “அண்ணாச்சி, பேசுங்க அண்ணாச்சி, ஏதாவது ஏசவாவது செய்யுங்க” என்றார். பெரியவர் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் அவ்வளவுதான் என்று நானும் முடிவு செய்தேன். அக்காவிடம் யார் சொல்வது என்பதுதான் என் கவலை.

குத்தகைக்காரர் டீ வாங்கி வந்தார். பாதி குடித்த பிறகு பெரியவர் வாய் திறந்தார்.

“ஒம்ம மகளுக்கு நீச்சல் வருமாவே?”

அத்தான் அதைக் குத்தல் என்றுதான் நினைத்தார். தலையைக் குனிந்துகொண்டு, “வரும் அண்ணாச்சி. நாந்தான் பழக்குனேன்” என்றார்.

“எங்க பயலுக்கு வராது. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் வராது.” மீதி டீயைக் குடித்து முடித்தார். “அவ வந்து எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கட்டும். ஆவணியில வச்சிக்கிடுவமா?”

அத்தான் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பற்கள் அடித்துக்கொண்டதில் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. பெரியவர் காத்திருந்தார். கடைசியில், பெண் வீட்டாருக்குச் சம்மதம் என்று நான்தான் சொன்னேன்.