இஸ்தானாவின் கறையான்

"நான் இருக்குற வரைக்கும் இந்த இஸ்தானா கடுதாசியில ஒரு கறையான் வாய் வைக்காதுலா. வச்சா, அன்னைக்கே சின்னையா செத்தான்னு எழுதிக்க!"

1926ஆம் ஆண்டு, மலாயாவின் பத்து காஜா என்ற ஊரின் கள்ளுக்கடையில் இந்தப் பிரகடனம் வெளியானது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்துமலை கோப்பையைக் கீழே வைக்காமலே, "அப்போ உனக்குச் சாவே இல்ல மச்சான். பொண்டாட்டிதான் பாவம்" என்றான். கடையே சிரித்தது. சின்னையா சிரிக்கவில்லை. பெரிய பதவியில் இருப்பவர்கள் கள்ளுக்கடையில் சிரிப்பதில்லை.

அவர் வகித்த பதவி, அரச வம்சத்தின் கிளையொன்றில் பிறந்த ஓர் இளவரசருடைய இஸ்தானாவில் தஸ்தாவேஜு அறைக் காப்பாளர். அரண்மனையின் பட்டயங்கள், விருந்துப் பட்டியல்கள், யானை செத்த விவரம் எல்லாம் அவர் பொறுப்பு. ஒவ்வோர் அலமாரியின் கால்களும் மண்ணெண்ணெய் ஊற்றிய தகரக் குவளைகளில் நின்றன. வெயில் அடித்தால் காகிதங்களைப் பாயில் பரப்பி, குழந்தைகளைப் போலப் புரட்டிப் படுக்க வைப்பார். இஸ்தானாவின் மற்ற அறைகளில் கறையான் உண்டு. சமையற்கட்டுக் கணக்கென்றால் அதற்கு உயிர்; தணிக்கைக்காரர் வரும் வாரத்தில் அதன் பசி தாங்க முடியாது. சின்னையாவின் அறையில் மட்டும் அது பட்டினி கிடந்தது.

அவருடைய அக்கா வீரம்மா ஆற்றோரத்தில் இருந்தாள். ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்தை மூடிவிட்டு வெள்ளைக்கார மானேஜர் கப்பலேறினார். தோட்டக் கூலி லயத்து ஜனங்கள் எங்கே ஏறுவதென்று தெரியாமல் நின்றார்கள். இளவரசரின் தகப்பனார், இப்போது காலமாகிவிட்டவர், இரக்கப்பட்டுத் தம் ஆற்றோர நிலத்தைக் காட்டி, 'இங்கேயே இருந்து பயிர் செய்யலாம், யாரும் விரட்டக்கூடாது' என்று ஒரு சீட்டு எழுதி, முத்திரை போட்டுக் கையிலேயே கொடுத்தார். நகல் எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. அரபு வடிவில் மலாய் எழுதும் ஜாவி எழுத்து, வாங்கியவர்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. அதனால் மதிப்புள்ள எதற்கும் நம் ஜனங்கள் செய்வதையே அதற்கும் செய்தார்கள். மாரியம்மன் காலடியில் வைத்து, மஞ்சள் நீர் தெளித்து, முத்திரைக்குக் குங்குமப் பொட்டிட்டு, கற்பூரம் காட்டினார்கள். இரண்டாவது ஆடித் திருவிழாவில் சந்தனம் ஒரு வரியை முழுசாக விழுங்கிவிட்டது.

"அறிவிருக்கா அக்கா? இன்னும் ரெண்டு திருவிழா போனா கடுதாசி இருக்காது, சந்தனம்தான் இருக்கும். என்கிட்டக் குடு" என்றார் சின்னையா.

"எடுத்துட்டுப் போடா. நீ இருக்கிற எடத்தில எறும்புகூட உத்தரவு கேட்டுத்தானே வரும்" என்றாள் அக்கா, பெருமையோடு.

அவளுடைய வீடு, கத்தரிப் பாத்தி, இரண்டு மாடு எல்லாம் அந்த ஒரு தாளாகி, சின்னையாவின் மூன்றாவது அலமாரியில் ஏறின.

பிறகு ஆற்றோர மண்ணுக்கடியில் வெள்ளீயம் இருப்பது தெரிந்தது. ஈயக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். இளவரசர் ஈப்போவில் குதிரைப் பந்தயத்தில் இருந்ததால், காரியதரிசிதான் அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். அவர்கள் போனதும் சின்னையாவைக் கூப்பிட்டார்.

"சின்னையா, உன் அறையில கறையான் இருக்கா?"

"இல்ல துவான்."

"நல்லாப் பாத்துச் சொல்லு. அந்த ஆத்தங்கரைக் கடுதாசியில?"

"இல்லவே இல்ல துவான்."

"கறையானே வராத அறைக்குக் காவல்காரன் எதுக்குப்பா?" என்றார் காரியதரிசி, மிகவும் கனிவாக.

சின்னையா யோசித்தார். பதவியோடு வந்து தம் மேல் கிடந்த வெள்ளைக் கோட்டையும், தாம் போகும்போது எழுந்து நிற்கும் கள்ளுக்கடைக்காரனையும் யோசித்தார். ரப்பர் மரத்தடியில் மறுபடி பால்வெட்டுக் கத்தியோடு நிற்பதையும் யோசித்தார்.

ஆற்றோரத்து ஜனங்களைக் காலி செய்யச் சொன்ன வழக்கு மாவட்டத் துரையிடம் வந்தது. வீரம்மா எல்லாருக்கும் முன்னால் நின்றாள். அனுமதிச் சீட்டு எங்கே என்று, காப்பாளராக வந்திருந்த சின்னையாவிடம் மொழிபெயர்ப்பாளர் வழியாகத் துரை கேட்டார். சின்னையா தரையைப் பார்த்தார்.

"கறையான் தின்னுடுச்சு, துவான்."

வீரம்மா கலகலவென்று சிரித்துவிட்டாள்.

"தொர, இவன் உங்களப் பாத்து பயந்து என்னமோ ஒளர்றான். என் தம்பி ரூம்புல கறையானா? ஊருக்கே தெரியும், நுழையாது! டேய், வெளையாடாத. ஓடிப் போயி எடுத்துட்டு வா. மழைக்கு முன்ன நான் மாட்டப் புடிச்சிக் கட்டணும்லா."

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் சொன்னார். துரை சின்னையாவை ஏற இறங்கப் பார்த்தார். தின்றதுபோக மிச்சமிருப்பதை நாளை மறுநாள் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி எழுந்தார்.

மறுநாள் மதியம், இஸ்தானாவே தொழுகைக்குப் போயிருந்த வேளையில், சின்னையா பின்புறம் ரம்புத்தான் மரங்களுக்கிடையே இருந்த புற்றடிக்குப் போனார். வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டினார். புற்றின் ஓரத்தை உடைத்து, மூன்றாவது அலமாரியிலிருந்து எடுத்து வந்த தாளை விரித்து வைத்து, பதமாக இருக்கட்டுமென்று தண்ணீர் தெளித்தார். பிறகு குந்தி உட்கார்ந்து காத்திருந்தார்.

முதல் கறையான் தாளின் ஓரம்வரை வந்து, என்ன நினைத்ததோ, திரும்பிப் போகப் பார்த்தது. சின்னையா அதைச் சுண்டுவிரல் நுனியால், நோகாமல், எழுத்து இருந்த பக்கம் திருப்பிவிட்டார்.