அறிக்கையின் அடியில் நாகேஸ்வரி அக்கா எழுதிய வரி

செலாயாங் காய்கறிப் பாசாரில் முட்டைக்கோஸ் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, முதலாளியின் கைத்தொலைபேசிக்கு என் மனைவி அழைத்தார். "நாகேஸ் அக்கா போயிட்டாங்களாம். ஹார்ட் அட்டாக்" என்றார். லோரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சொந்தக்காரரா என்று முதலாளி கேட்டார். ஆமாம் என்றேன்.

திருமதி நாகேஸ்வரி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த, யாழ்ப்பாண வம்சாவளித் தமிழர். அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். லேப்பில் இருப்பவர்கள் நம் இரத்தத்தைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அந்த வழக்கத்தை அவர் உடைத்தது என்னால்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு அக்காவைப் பற்றி எழுத முடியாது. புதிய கூட்டு மருந்துகள் வந்த சமயம், எலும்பும் தோலுமாகக் கிடந்த நான் சில மாதங்களில் எழுந்து மறுபடி லோரி ஓட்டினேன். இரத்தத்தில் கிருமி காணப்படவில்லை என்று அறிக்கையும் வந்தது. குணமானால் மொட்டை போட்டுப் பால்குடம் எடுப்பதாக முருகனுக்கு வேண்டியிருந்தேன். எடுத்தேன். அன்றோடு மாத்திரையையும் நிறுத்தினேன். வேண்டுதலை முடித்த பிறகும் மருந்து சாப்பிட்டால் சாமியை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அடுத்த பரிசோதனையில் கிருமி ஏகத்துக்கும் இருந்தது. மெஷினில்தான் கோளாறு என்று அக்கா இரண்டாம் முறையும் ஓட்டிப் பார்த்தாராம். பிறகு டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, வெள்ளைக் கோட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"சேகர், மருந்தை ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"ரிப்போர்ட்லயே இல்லைன்னு போட்டிருந்துச்சுலா அக்கா."

அவர் முகம் வாடிவிட்டது. "அந்த ரிப்போர்ட் என்ர கையாலதான் வந்தது" என்றார்.

திட்டுவார் என்று பார்த்தேன். அவர் பேனாவை எடுத்து ஒரு தாளில் வட்டங்கள் போட்டார். "இது உடம்புக்குக் காவல் இருக்கிற வெள்ளை அணு. இதில சிலது பழைய நோயை ஞாபகம் வச்சுக்கொண்டு வருஷக்கணக்கா நித்திரை கொள்ளும். கிருமி தன்னை அதுக்குள்ள எழுதி வச்சிட்டுச் சும்மா கிடக்கும். பெருகிற கிருமியைத்தான் மருந்து தடுக்கும். நித்திரையில கிடக்கிறதை ஒண்டும் செய்யாது. எங்கட டெஸ்டுக்கும் அது தெரியாது. மருந்தை விட்டா, அணு முழிக்கேக்க அதுவும் முழிக்கும்."

"அப்ப போலீஸ் ரோட் பிளாக் மாதிரி, ஓடுற லோரியத்தான் பிடிக்கிறீங்க. ரப்பர் தோட்டத்துக்குள்ள பார்க் பண்ணியிருக்கிற லோரி இருக்குன்னே தெரியாது. அப்படித்தானே?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "இதை இனி எல்லாருக்கும் சொல்லப்போறன்."

சொன்னார். என் லோரி அந்தக் கிளினிக் முழுக்க ஓடியது. சாமி விஷயத்திலும் அவர் என்னைக் கேலி செய்யவில்லை. "பால்குடம் வருஷத்துக்கு ஒருக்கா. மாத்திரை தினமும் ரெண்டு நேரம். ரெண்டையும் முருகனுக்கெண்டே எடுங்கோ" என்றார். இது என் மண்டையில் ஏறியது. பிழைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு, கிருமி காணப்படவில்லை என்று அவர் கையால் போன ஒவ்வோர் அறிக்கையின் அடியிலும் தமிழிலும் மலாயிலும் ஒரு வரி எழுதினார்: "எங்களுக்குத் தெரியவில்லை, ஆனால் இருக்கிறது. மருந்தை நிறுத்தாதீர்கள்." லேப் ஆள் கையால் எழுதக் கூடாது என்று மேலிடத்தில் கண்டித்தார்கள். "சரி சார்" என்பார். மறுநாளும் எழுதுவார். அப்படி ஒரு பிடிவாதம்.

செய்தி கேட்ட மறுநாள் போனேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு என் கைக்கடிகாரம் கத்தியது. அவர் சொல்லி வாங்கிய கடிகாரம். வழக்கமாக மாத்திரையை மிட்டாய் டப்பாவில் ஒளித்து வைத்து, கழிவறைக்குள் போய் விழுங்குவேன். யாராவது கேட்டால் கேஸ்ட்ரிக், வயிற்றுப் புண் என்பேன். அன்று அவர் பக்கத்திலேயே நின்று டப்பாவைத் திறந்தேன். அவருடைய தங்கையிடம் தண்ணீர் கேட்டேன்.

"என்ன மருந்து தம்பி?"

"எச்.ஐ.வி.க்கு அக்கா. இவங்கதான் என்னை விடாம சாப்பிட வச்சாங்க."

தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

போய் வாருங்கள் அக்கா. எட்டு மணி மாத்திரை போட்டாகிவிட்டது.

— சேகர், லோரி ஓட்டுநர், கிள்ளான்