தயிருக்கும் டி.பி.!

அறுபதுகளின் கடைசியில், தர்மபுரிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீசியனாகச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. படித்து முடித்த கையோடு வேலை கிடைத்துவிட்டதால் எனக்குத் தலைகால் புரியவில்லை. லேப் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, ஒரு மைக்ராஸ்கோப், சில சாய பாட்டில்கள், நான். அவ்வளவுதான்.

வருகிறவர்களில் பாதிப்பேர் இருமல்காரர்கள். அவர்கள் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கைக் காட்டி ஆவி வரச் சூடாக்குவேன். பிறகு ஸ்பிரிட்டில் ஆசிட் கலந்து ஊற்றினால் சிவப்பெல்லாம் கழன்று ஓடிவிடும். டி.பி. கிருமி மட்டும் பிடிவாதமாகச் சிவப்பை விடாது. கடைசியில் நீலச் சாயம். நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் டி.பி. இதைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கிக்கொண்டு திரிந்தேன். என் விரல்கள் எந்நேரமும் சிவந்தே இருக்கும். பஸ்ஸில் மருதாணியா என்று கேட்பார்கள்.

அந்த வாரம் ஸ்பிரிட் விளக்கு என் உயிரை வாங்கியது. பற்றவைத்தால் சுர்ரென்று அணைந்துவிடும். திரியை மாற்றினேன். திரி விற்ற கடைக்காரரிடம் போய்ச் சண்டையும் போட்டேன். கடைசியில் மெழுகுவர்த்தியை வைத்துச் சமாளித்தேன். விளக்குக்குள் இருப்பது ஸ்பிரிட்தானா என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அதே வாரம்தான் எனக்கு யோகமும் அடித்தது. எந்த ஸ்லைடைப் பார்த்தாலும் சிவப்புக் குச்சி! பாலக்கோட்டிலிருந்து வந்த தக்காளி வியாபாரிக்கு டி.பி. அவரோடு துணைக்கு வந்து சும்மா இருமியவருக்கும் டி.பி. சந்தேகம் வரவேண்டிய இடத்தில் எனக்குப் பெருமை வந்தது. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று நினைத்துக்கொண்டேன்.

வத்தல்மலையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். கூடவே கணவன், மாமியார், இடுப்பில் பால்குடி மறக்காத பையன். ராகி தூற்றிய தூசியில் வந்த இருமல் என்றாள். அவளுக்கும் பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் சேலம் பக்கம் டி.பி. ஆஸ்பத்திரியில் போய்ச் சேரச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். மாதக்கணக்கில் ஆகும், பிள்ளையைப் பக்கத்தில் விடக்கூடாது என்றார். அவள் சத்தம் போட்டு அழவில்லை. பையனை மாமியார் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "பால் இல்லாம எப்படிங்க தூங்குவான்?" என்று கேட்டாள். ரெண்டு நாளில் பழகிவிடும் என்று, பத்துப் பிள்ளை பெற்றவள் மாதிரி நான் பதில் சொன்னேன். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

மாமியார் பையனைத் தூக்கிக்கொண்டு ஊருக்கும், அவளும் கணவனும் பஸ் ஸ்டாண்டுக்கும் கிளம்பிய பிறகு டாக்டர் லேப் பக்கம் வந்தார். விடாமல் சிகரெட் பிடிப்பவர். விடாமல் இருமுவார். "எல்லாருக்கும் பாக்கற, என்னுதையும் பாத்துடும்மா" என்று விளையாட்டாகச் சளியைக் கொடுத்தார். பார்த்தேன். பாசிட்டிவ்.

சொன்னதும் மனிதர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அத்தனை பேருக்குத் தைரியம் சொன்னவர், தனக்கு வெயிட் குறைந்திருக்கிறதா என்று என்னையே பார்க்கச் சொன்னார். பிறகு, "உன்னுதைப் போடு" என்றார். போட்டேன். எனக்கும் பாசிட்டிவ். எனக்கு இருமலே கிடையாது. உடனே ஒரு இருமல் வந்தது.

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. "நீலம் எங்கம்மா?" என்றார். எழுந்து போய்த் தன் டிபன் கேரியரைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்து, "இந்தத் தயிரையும் பாத்துச் சொல்லு" என்றார்.

தயிரைத் தடவிச் சாயம் போட்டேன். கொத்துக் கொத்தாகச் சிவப்புக் குச்சிகள். "பாசிட்டிவ் சார்" என்றேன்.

"அதையும் சேலத்துக்கு அனுப்பிடலாமா?" என்றார்.

தயிரில் இருக்கும் சாதுவான கிருமிகள்கூடச் சிவப்பாகவே நிற்கின்றன என்றால், சிவப்பைக் கழற்றவேண்டிய கலவை கழற்றவில்லை என்று அர்த்தம். சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு அந்தப் பையனின் முகம்தான் வந்தது. சேலம் பஸ் கிளம்பும் நேரம்.

டாக்டருடைய கார் தள்ளினால்தான் ஓடும். வாசலில் வாட்ச்மேன் அண்ணன் சைக்கிளோடு நின்றார். கேரியரில் ஏறி உட்கார்ந்து, பஸ் ஸ்டாண்டுக்கு விடுங்கண்ணே என்றேன். சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நான் போன கோலத்தைக் கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. சைக்கிள் ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போய்வந்தது. எதிர்க்காற்றில் அண்ணன் மூச்சுவிட, வாசனை பின்னால் வந்தது. எனக்கு ரொம்பப் பழக்கமான வாசனை. என் லேப் வாசனை.

மதுவிலக்கு இருந்த காலம். "அண்ணே, என் ஸ்பிரிட்டக் குடிச்சீங்களா?" என்று முதுகில் ஒரு குத்து விட்டேன்.

"மாதா சத்தியமா கொஞ்சந்தாங்க. தண்ணி ஊத்தி அளவ சரி பண்ணித்தாங்க வெச்சேன். உங்க மேல பழி வரக்கூடாதில்லீங்களா?" என்றார். அப்புறம் வருத்தத்தோடு, "குடிக்கோணும்னா ஓசூரு தாண்டி மைசூர் எல்லைக்கே போகோணுங்க. பஸ்ஸுக்கு யாரு குடுக்கறது?" என்றார். விளக்கு அணைந்ததற்கும் சிவப்பு கழலாததற்கும் சேர்த்து மிச்ச தூரம் முழுக்க நான் திட்டிக்கொண்டே போனேன். அவர் "ஆமாங்க, ஆமாங்க" என்று மிதித்துக்கொண்டே வந்தார்.

பஸ் நகர ஆரம்பித்திருந்தது. நான் குதித்து ஓடி முன்னால் நின்று ரெண்டு கையையும் ஆட்டினேன். கண்டக்டர் என் சிவந்த கைகளைப் பார்த்து, "ஐயோ ரத்தம்! யாருக்குங்க அடி?" என்று அலறினார். பஸ் நின்றுவிட்டது. சாயம் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அன்றைக்கு அதுதான்.

அவள் ஜன்னலோரம் இருந்தாள். தப்பு நடந்துவிட்டது, இறங்கு என்றேன். கணவனோடு இறங்கினாள். மார்புச் சேலை பாலில் நனைந்திருந்தது. "அப்ப இருக்குதுன்னீங்க. இப்ப இல்லைங்கறது மட்டும் நெசமுங்களா?" என்று கேட்டாள். வா, உன் கண் முன்னாலேயே மறுபடி பார்க்கிறேன் என்றேன்.

மூவரும் திரும்பி நடந்தோம். டாக்டர் தன் பீரோவில் பூட்டி வைத்திருந்த புது ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். புதிதாகக் கலந்து, அவள் சளியை மறுபடி தடவிச் சாயம் போட்டேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இண்டு இடுக்கு விடாமல் தேடினேன். நீலம், நீலம், வெறும் நீலம். அவளையும் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்த்தாள். அடுத்த நிமிஷம் அவளைக் காணோம். பிள்ளை போன பாதையில் ஓடிவிட்டாள். கணவன்தான் பின்னால் இருமல் மருந்து பாட்டிலோடு ஓடினார்.

டாக்டருக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவர் வாட்ச்மேனைப் போலீசில் கொடுக்காமல் விட்டார். சிகரெட்டையும் விட்டார், அந்த வாரம் முடியும்வரை. மற்றவர்களையெல்லாம் தேடிப்பிடித்து மறுபடி பார்த்தோம். தக்காளி வியாபாரிக்கு மட்டும் நிஜமாகவே டி.பி. இருந்தது. குணமாகிவிட்டார்.

அந்தப் பெண் எனக்கு நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் எத்தனையோ ஸ்லைடுகள் பார்த்துவிட்டேன். ஆனால் 'பாசிட்டிவ்' என்று எழுதப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் "நெசமுங்களா?" என்று அவள் கேட்பது காதில் விழும். இன்னொரு தடவை குனிந்து பார்க்காமல் இன்றுவரை நான் எழுதியதில்லை.