ஒன்பது நாள் மகளுக்கு ஓர் இடம்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ஜனவரி மாதம், மான்ட்ரியலில் எங்கள் முதல் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் இறந்துபோனாள். பதினோராம் நாள் பெயர் வைப்பதாக இருந்தோம். இதயத்தில் ஓட்டை என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வரவே இல்லை.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பாலங்களுக்குக் கணக்குப் போடும் ஒரு கம்பெனியில் இன்ஜினீயர். பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். ஊரில் யாருக்கும் உடனே சொல்லவில்லை. தந்தி கொடுக்கப் போய், வாசகம் எழுத வராமல், வெறும் படிவத்தோடு திரும்பி வந்தேன்.

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் இருந்த பெண்மணி, தகனம் செய்து சாம்பலைத் தருவதற்கு ஏற்பாடு செய்யலாம் என்றாள். நான் தலையாட்டிவிட்டேன். மனைவியிடம் சொன்னபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"பச்சைக் குழந்தையை யாராவது நெருப்புல வைப்பாங்களா? மண்ணுலதான் வைக்கணும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் வழக்கத்தில் குழந்தையைப் புதைக்கத்தான் வேண்டும். ஆனால் மண்ணுக்கு எங்கே போவது? நகரத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் ஞானஸ்நானம் ஆயிற்றா என்று கேட்டார்கள். இன்னொன்றில் திருச்சபை உறுப்பினர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். மூன்றாவதில், கேட்பாரற்ற பிணங்களுக்கு ஒரு பகுதி உண்டு, அங்கே வைக்கலாம் என்றார் ஒருவர். அவர் அன்பாகத்தான் சொன்னார். நான் போனை வைத்துவிட்டு ஆபீஸ் கழிப்பறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

என் தேடலைக் கேள்விப்பட்ட எங்கள் ஆபீஸ் வரைபடக்காரர் ஒருவர், தன் மனைவியின் கிராமத்துக்கு அருகே பழைய மயானம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். ஸ்காட்லாந்திலிருந்து வந்து காடு வெட்டி நிலமாக்கிய முதல் குடிகள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டது. தேவாலயம் எரிந்து போய்விட்டது. சாவி ஒரு பெண்மணியிடம் இருக்கிறது.

ஒன்றரை மணி நேரம் காரில் போனோம். அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். காடு வெட்டியவர்களின் வம்சத்தில் அந்த ஊரில் மிஞ்சியிருந்தவள் அவள் ஒருத்திதான். நான் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"நாங்க கிறிஸ்துவங்க இல்லை" என்றேன் கடைசியில்.

"அது எனக்குத் தெரியுது. எத்தனை நாள் குழந்தை?"

"ஒன்பது."

"இடம் இருக்கு. ஆனா இப்ப தோண்ட முடியாது. நாலடி ஆழத்துக்கு மண்ணு உறைஞ்சு கிடக்கு. மே மாசம் ஆகும்."

அதுவரை? மயானத்தின் மூலையில் பாதி மண்ணுக்குள் இறங்கியிருந்த, கல்லால் கட்டிய ஓர் அறையைக் காட்டினாள். இரும்புக் கதவு. குளிர்காலத்தில் இறந்தவர்களை வசந்தம் வரும்வரை அதற்குள்தான் வைப்பார்களாம். இரண்டு நாள் கழித்து, வெள்ளைப் பெட்டியில் எங்கள் மகளையும் அங்கே வைத்தோம். அந்தக் குளிர்காலத்தில் வேறு யாரும் உள்ளே இல்லை. கதவைப் பூட்டும்போது மனைவி கேட்டாள், "உள்ள எலி வருமாங்க?" நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அதன் பிறகு வந்த வாரங்களை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. மனைவிக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. ஊராக இருந்தால் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியிருப்பார்கள். கீழ் வீட்டுக் கிரேக்கப் பெண்மணி ஜான்-டலோன் சந்தைக்குப் போய் முட்டைக்கோஸ் வாங்கி வந்து, அதன் இலைகளை மார்பில் வைத்துக் கட்டச் சொல்லி, சைகையிலேயே காட்டிக் கொடுத்தாள். பால் நின்றது. மனைவி பேசுவதும் ஏறக்குறைய நின்றது. காலையில் ரேடியோவில் வெப்பநிலை சொல்லும் நேரத்துக்கு மட்டும் எழுந்து வந்து நிற்பாள்.

மார்ச் மூன்றாவது வாரம், பகலில் வெப்பம் உறைநிலைக்கு மேலே ஏறப்போவதாக ரேடியோவில் சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"மண்ணு எப்ப இளகும்?"

"இன்னும் ஒரு மாசத்துக்கு மேல ஆகும்."

"ஆனா அந்த ரூமு?"

காற்றுதான் முதலில் சூடாகும், மண் கடைசியில்தான் இளகும். இது என் தொழிலில் அரிச்சுவடி. அறைக்குள் குளிர் குறைந்த பிறகும் குழந்தை வாரக்கணக்கில் உள்ளேயே இருக்க வேண்டிவரும். ஜனவரியிலேயே எனக்குத் தெரிந்த விஷயம் அது. மனைவி கண்டுபிடிக்காமல் இருக்க வேண்டுமே என்று தினமும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆபீசுக்குப் போகவில்லை. கட்டுமான இடத்திலிருந்து கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு தனியாக மயானத்துக்குப் போனேன். பனியை வாரிவிட்டுக் குத்தினேன். கான்கிரீட்டில் குத்துவது போலிருந்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான் பள்ளம் விழுந்தது. கையுறைக்குள் கை கிழிந்து ரத்தம் வந்தது. நான் நிறுத்தவில்லை. தமிழில் யாரையோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டே குத்தினேன்.

அந்தப் பெண்மணி பஸ்ஸைச் சாலையில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இப்படிச் செஞ்சா நடக்காது" என்றாள். "சனிக்கிழமை மனைவியையும் கூட்டிட்டு வாங்க."

சனிக்கிழமை போனபோது மேப்பிள் கட்டைகளை அடுக்கி, சுற்றிலும் பனியை ஒதுக்கி வைத்திருந்தாள். அந்த இடத்தின் மீது தீ மூட்டினோம். கட்டை எரிந்து கங்கானதும் மேலே தகரத்தைப் போட்டு மூடினோம். சூடு கீழே இறங்கட்டும் என்று காத்திருந்த நேரத்தில், அவள் தன் வண்டியிலிருந்து மயானத்தின் பதிவேட்டை எடுத்து வந்து காட்டினாள். தோல் அட்டை போட்ட பெரிய நோட்டு.

முதல் பக்கத்தின் முதல் வரியே ஒரு குழந்தைதான். கப்பலில் பிறந்து, முதல் குளிர்காலத்தைத் தாண்டாதது. ஊரில் தேவாலயமோ பாதையோ வருவதற்கு முன்பே மயானம் வந்துவிட்டது என்றாள். அந்தக் குழந்தையின் அப்பா, நிலம் இளகும்வரை பொறுக்க மாட்டாமல் இரண்டு நாள் தீ மூட்டித்தான் தோண்டினாராம். பக்கங்களைப் புரட்டினேன். தொண்டை அடைப்பான் நோய் வந்த ஒரு வாரத்தில் ஒரே வீட்டில் ஐந்து பேர். பிரசவத்தில் போன தாய், மறுநாள் போன சிசு. பெரியவர்களைவிடக் குழந்தைகள்தான் அதிகம்.

மனைவி அந்த முதல் வரியை விரலால் தொட்டாள். "இவங்கம்மா அப்புறம் என்ன ஆனாங்கன்னு கேளுங்க."

கேட்டேன். பெண்மணி இன்னும் சில பக்கங்களைப் புரட்டினாள். "இன்னும் எட்டுப் பெத்தா. அதுல நாலு இங்கதான் இருக்கு."

மனைவிக்கு அது ஆறுதலாக இல்லை. முகத்தை மூடிக்கொண்டு, ஜனவரிக்குப் பிறகு முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள்.

கங்குகளை ஒதுக்கித் தோண்டினால் ஒரு அடி இறங்கியது. மறுபடி தீ, மறுபடி தோண்டல். ஞாயிறு மதியம் மூன்றரை அடிக் குழி தயாரானது. அடியில் மண் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. பெட்டியை நான்தான் இறக்கினேன். மந்திரம் சொல்ல ஆளில்லை, எனக்கும் தெரியாது. மனைவி ஒரு கிண்ணம் பாலை ஊற்றினாள்.

பதிவேட்டில் எழுதுவதற்காகப் பெண்மணி பெயரைக் கேட்டாள். வைக்கவில்லை என்றேன். "இப்ப வைக்கலாமே" என்றாள். மனைவி மறுத்துவிட்டாள். பெயர் வைத்தால் கூப்பிடத் தோன்றும் என்றாள். 'மகள், ஒன்பது நாள்' என்று எழுதினாள் அந்தப் பெண்மணி.

கல் வைக்கவில்லை. ஒரு மரப்பலகை மட்டும் நட்டோம். வருடத்துக்கு ஒருமுறை போய்வந்தோம். பின்னால் ஒரு பையன் பிறந்தான். அந்தப் பெண்மணி தன் நிலத்தை விற்றுவிட்டு ஒன்டாரியோவில் தங்கையிடம் போய்விட்டாள். பதிவேட்டை அங்கே ஒரு தேவாலயத்தில் கொடுத்துவிட்டதாகக் கடிதம் எழுதியிருந்தாள். என் வேலை மாற்றத்தால் இரண்டு வருடம் எங்களால் அந்தப் பக்கம் போக முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் போனபோது மயானம் சுத்தமாக இருந்தது. புல்வெளியை இயந்திரத்தால் வெட்டுவதற்குத் தோதாக, கற்களையெல்லாம் பிடுங்கி, நடுவில் ஒரு சிமென்ட் மேடையில் வரிசையாகப் பதித்திருந்தார்கள். பலகையைக் காணோம். அந்தக் கல் அறையை இடித்து மண் போட்டு மூடியிருந்தார்கள். இரும்புக் கதவு இருந்த மூலைகூட எதுவென்று தெரியவில்லை. நான் தேவாலயத்துக்கு எழுதிப் பதிவேட்டின் நகலை வரவழைத்தேன். 'மகள், ஒன்பது நாள்' இருந்தது. எந்த இடம் என்று எவரைப் பற்றியும் அதில் எழுதியிருக்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எழுதுவானேன் என்று விட்டிருப்பார்கள்.

நகலோடும் அளவு நாடாவோடும் இன்னொரு முறை போனோம். மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வாயேன், சேர்ந்து தேடலாம்."

"வேணாங்க" என்றாள். "எங்க கால் வெச்சாலும் அவ மேல வெச்சுட்டமோன்னு இருக்கும்."

நானும் உள்ளே போகவில்லை. கம்பி வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரமாகிவிட்டது என்று காரைத் திருப்பினேன்.